அகழி தோண்டச் சொன்னவள்

என் பிள்ளைக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலைகூட மாற்றாமல் வாசலில் நின்றபடியே படித்தேன். ரூம் காற்றோட்டமாக இருக்கிறது, மெஸ்ஸில் குழம்புக்கு உப்பு கூடுதல், ஹெட்மாஸ்டர் சத்தம் போட்டுப் பேசாத மனிதர் என்றெல்லாம் எழுதியிருந்தாய். சிவகிரி என்ன தூரமா, காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாமே என்று நான் சொன்னதைக் கேட்காமல் ரூம் எடுத்துக்கொண்டாயே என்ற குறைகூட அதைப் படித்ததும் கொஞ்சம் ஆறியது. பிறகு கடைசிப் பத்திக்கு வந்தேன். எட்டாம் வகுப்புக்கு அடுத்த வாரம் ஐரோப்பாவின் நிலமானிய முறைப் பாடம் தொடங்கப் போகிறாய் என்றும், நான் உங்களுக்குச் செய்ததுபோலவே பிள்ளைகளை வைத்து மண்ணில் கோட்டை கட்டப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். "நீங்கள் எடுத்த பாடங்களிலேயே எனக்கு மறக்காத பாடம் அதுதான்" என்று ஒரு வரி. அதை எந்த மனதோடு எழுதினாய் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். உன் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறதா? மைதானம் மேடா, பள்ளமா? மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அதே மைதானத்தில்தான் விளையாடுகிறார்களா? மலையடிவார ஊர் அது. இங்கே மேகம் கூடும்போதே அங்கே தரை நனைந்திருக்கும். ஐப்பசி பிறக்க இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. இதையெல்லாம் விசாரித்து எழுதியபிறகுதான் மண்வெட்டியைத் தொட வேண்டும் என்று ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்குமேல் பேனா நகரவில்லை. பதினோரு வருடமாக நீயும் நானும் வாயைத் திறக்காமல் வைத்திருக்கிற விஷயம் குறுக்கே வந்து நின்றுகொண்டது.

அந்தப் பாடத்தை நான் முதல் நான்கு வருடம் தப்பாகத்தான் எடுத்தேன், உனக்குத் தெரியுமா? புத்தகத்தில் இரண்டே பக்கம். நடுவில் மை அப்பிய ஒரு படம். முன்பெஞ்சுப் பையன் ஒருவன், "டீச்சர், இது பஞ்சு மில்லா?" என்று கேட்டான். அப்படித்தான் இருந்தது. கோட்டை என்றால் ராஜா சொகுசாக இருக்கிற அரண்மனை என்று நினைத்துக்கொண்டு நானும் தங்கம், பட்டு, விருந்து என்று ஏதேதோ சொல்லிவைத்தேன். ஒரு பெண் எழுந்து, "சன்னல் ஏன் டீச்சர் இம்புட்டு ஒடுக்கமா இருக்கு? காத்து வராதுல்லா?" என்றாள். குளிர் நாடு, அதனால்தான் என்றேன். பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு அடுத்த வரிக்குப் போனேன். திருநெல்வேலியில் பத்து நாள் பயிற்சிக்குப் போனபோதுதான் நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. அது காற்றுக்கு வைத்த சன்னலே இல்லை. உள்ளே நிற்பவன் அம்பு விட வைத்த துளை. வெளியே கீற்றுபோல ஒடுங்கி, உள்ளே ஆள் நின்று திரும்புகிற அளவுக்கு அகன்றிருக்கும். திரும்பி வந்ததும் வகுப்பில் சொன்னேன், போன வருடம்வரை எல்லாருக்கும் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தப்பை ஒத்துக்கொள்வது எனக்குச் சுலபம் என்று அன்றைக்கு என்னைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொண்டேன். அம்புத் துளையைப் பற்றிய தப்பை ஒத்துக்கொள்ள என்ன தைரியம் வேண்டும்? அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை.

அந்த வருடம்தான் நீ என் வகுப்புக்கு வந்தாய். முதல் நாளே உன்னிடம் கண்டிப்பாகச் சொன்னேன், பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் நான் டீச்சர், அம்மா இல்லை என்று. சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். அந்தப் பயத்தில் மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததைக்கூட உனக்குக் கொடுக்கவில்லை. நீ கை தூக்கினால் கடைசியாகத்தான் உன்னைக் கேட்பேன். சரியாகச் சொன்னால் "உக்காரு" என்பதோடு சரி. வீட்டுக்கு வந்தபிறகாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் உன் அப்பா கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து ஏழு மாதமாகக் கட்டிலில் கிடந்தார். அவரைப் பார்க்கவும் சோறு வடிக்கவும் நோட்டுத் திருத்தவுமே பொழுது போய்விடும்.

கோட்டை கட்டலாம் என்று காலாண்டு லீவு முடிந்து வந்ததும் ஆரம்பித்தோம். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், உப்புமா கிண்டுகிற கொட்டகைக்கும் சுவருக்கும் நடுவில் வேப்பமரத்தடியில். முதலில் பள்ளம் தோண்டி, அந்த மண்ணை நடுவில் குவித்து மேடு. மேட்டுக்குமேல் சீமைக்கருவேலங்குச்சியில் ஒரு மரக்கோபுரம், சுற்றிலும் குச்சி வேலி. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் முதல் கோட்டைகள் இப்படித்தான் இருந்தன, மண் எடுத்த பள்ளமே அகழியாகிவிடும் என்று சொன்னேன். "அப்ப எதிரி தீ வச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்க வைத்து, இரண்டு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நானே தீக்குச்சி கிழித்து அந்தக் கோபுரத்தைக் கொளுத்திக் காட்டினேன். நெருப்புக்கு அவ்வளவு பயந்தேன், பார். தண்ணீருக்குப் பயப்பட எனக்குத் தோன்றவே இல்லை. வருடத்தில் பத்து மாதம் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாயில் நிற்கிற ஊரில் தண்ணீருக்கு யார் பயந்தார்கள்?

மரம் எரிந்ததால் கல்லுக்கு மாறினார்கள் என்று சொல்லி, உடைந்த செங்கலையும் களிமண்ணையும் வைத்துச் சதுரமாக ஒரு கோபுரம் கட்டினோம். இரண்டு பையன்கள் எதிரிப்படையாக வந்து ஒரு மூலைக்கு அடியில் குச்சியால் தோண்டினார்கள். கோபுரம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. ஏன் மூலையில் தோண்டினால் விழுகிறது என்று எனக்குப் புத்தகத்தில் படித்ததற்குமேல் விளக்கத் தெரியவில்லை. நீ வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். கொத்தனார் அல்லவா, படுத்தபடியே கையைக் காற்றில் அசைத்து உனக்குச் சுவர் எழுப்பிக் காட்டினார். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "சதுரத்துல மூலதாம்லே நோஞ்சான். அங்கன ரெண்டு கல்ல உருவிட்டா செவரு தானா வாயப் பொளந்துரும். வட்டமாக் கட்டினா எங்கன இடிச்சாலும் பாரத்தப் பக்கத்துக் கல்லு வாங்கிக்கிடும்." மறுநாள் அதை அப்படியே வகுப்பில் சொன்னாய். கோட்டைக் கோபுரங்கள் பின்னாளில் வட்டமானதற்கு அதைவிட நல்ல விளக்கம் நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நான் என்ன சொன்னேன்? "சரி, உக்காரு." இப்போது சொல்கிறேன், அன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

வட்டக் கோபுரத்துக்கு மண் வேண்டும். பிறகு மதிலுக்கு வேண்டும். மதிலைத் தாண்டிவிட்டால் என்ன செய்வது என்று உள்ளே உயரமாக இன்னொரு மதில் கட்டினார்கள் என்று சொன்னேன், அதற்கும் வேண்டும். எல்லா மண்ணும் அகழியிலிருந்துதான். தினமும் கடைசிப் பீரியடில் நீங்கள் தோண்டுவீர்கள், நான் மரத்தடியில் நாற்காலி போட்டு நோட்டுத் திருத்துவேன். மண்வெட்டி நம் வீட்டு மண்வெட்டி, உன் அப்பாவுடையது. ஒரு வியாழக்கிழமை நீ பள்ளத்துக்குள் நின்றுகொண்டு கேட்டாய். "டீச்சர், தொடைக்கு மேல போயிட்டு. போதுமா?"

நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இன்னும் தோண்டுங்க. நெசமான அகழியில யானையே முங்கிப் போகும்" என்றேன்.

அதைச் சொன்னது நான்தான். இருபத்தெட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொடங்கிய மழை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் விட்டது. திங்கட்கிழமை காலையில் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. கோட்டை கரைந்திருக்குமே, பிள்ளைகள் வருத்தப்படுமே என்று மட்டும் ஒரு நினைப்பு வந்தது. முதல் இடைவேளையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மாடத்தியக்காவின் குரல் கேட்டது. உப்புமாவுக்கு உலை வைத்துக்கொண்டிருந்த அவள்தான் முதலில் பார்த்தாள். இரண்டாம் வகுப்புக் கோமதி, பெரிய பிள்ளைகள் கட்டிய கோட்டையைப் பார்க்க வந்தவள். அகழியில் தண்ணீர் தரைமட்டத்துக்கு நின்றிருக்கிறது, மேலே வேப்பிலை மிதந்திருக்கிறது. தரை என்று நினைத்துக் காலை வைத்துவிட்டாள். நான் ஓடிப்போனபோது மாடத்தியக்கா இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்திருந்தாள். பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. மேலே கொண்டுவந்து படுக்கவைத்து முதுகை அழுத்தினாள். "மூச்சு விடு மக்கா, மூச்சு விடு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்ததும், நான் பக்கத்தில் மண்டியிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாயிலிருந்து தண்ணீர் வந்தது. பிறகு ஒரு இருமல். குதிரைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பாதி வழியில்தான் அழுதாள். பிள்ளை அழுவதைக் கேட்டு அவ்வளவு நிம்மதிப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நெஞ்சில் தண்ணீர் போயிருக்கிறது, மூன்று நாள் கழித்துத்தான் எதுவும் சொல்லமுடியும் என்று டாக்டர் சொன்னார். நனைந்த சேலையோடு நான் திரும்பி வரும்போது மத்தியான மணி அடித்திருந்தது. கோமதியின் அப்பா தறியிலிருந்து அப்படியே ஓடிவந்து, தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை, சும்மாதான் நின்றார். ஹெட்மாஸ்டருக்குத்தான் பதற்றம். தாளாளருக்குப் பதில் சொல்ல வேண்டும், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் முழுவதையும் மைதானத்தில் நிறுத்தி, எட்டாம் வகுப்பை முன்னால் வரச் சொன்னார்.

"குழிய இம்புட்டு ஆழத்துக்குத் தோண்டச் சொன்னது யாரு?"

ஒரு பிள்ளையும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றும் பாடுபட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. வேலை போய்விடும் என்று நினைத்தேன். கட்டிலில் கிடக்கிற உன் அப்பாவை நினைத்தேன். அந்தப் பிள்ளை பிழைக்காமல் போனால் போலீஸ் வருமோ என்று நினைத்தேன். இவ்வளவையும் நினைக்க எனக்கு நேரம் இருந்தது. சொல்லவும் நேரம் இருந்தது. அதற்குள் நீ வரிசையை விட்டு முன்னால் வந்துவிட்டாய்.

"நான்தான் சார்."

"டீச்சர் சொல்லாமலா தோண்டுன?"

"டீச்சர் முழங்கால் அளவுதான் சொன்னாங்க சார். நான்தான் மீறித் தோண்டிட்டேன்."

ஹெட்மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா டீச்சர்?"

நான் தலையை ஆட்டினேன். பேசாமல் இருந்தேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நீயும் பார்த்தாய்.

ஹெட்மாஸ்டர் உன் இரண்டு கையிலும் பிரம்பால் மாற்றி மாற்றி அடித்தார். நீ கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கோமதியின் அப்பா பாதியிலேயே திரும்பிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் அப்பா உன் கையைப் பார்த்துவிட்டு, "என்னலே இது, இப்படி வீங்கிக் கெடக்கு?" என்று கேட்டதற்கு, கபடியில் விழுந்தேன் என்றாய். சோற்றைப் பிசைய முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஊட்டிவிட்டிருக்க வேண்டும். தொட்டால் உடைந்துவிடுவேன், அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு கரண்டியை எடுத்து உன் தட்டில் வைத்தேன். சாப்பிட்டு முடித்து, "தண்ணி தாங்க டீச்சர்" என்றாய். வாய் தவறி வந்ததா, வேண்டுமென்று சொன்னாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

கோமதி பிழைத்துக்கொண்டாள். நான்காம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அன்றைக்கு அவள் அப்பா நம் வீட்டுக்கு வந்தார். நீ அப்போது கடைக்குப் போயிருந்தாய், அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார், அதனால் இது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "பிள்ள நல்லாருக்கா டீச்சர். இட்லி திங்கா" என்றார். பிறகு, "ஒங்க பையன் கை எப்படி இருக்கு? நான் அவன அடிக்கச் சொல்லல டீச்சர். அத ஒங்ககிட்டச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவனாகத் தோண்டவில்லை அண்ணாச்சி, போதுமா என்று அவன் கேட்டான், நான்தான் இன்னும் தோண்டச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். "அப்ப அங்கன வச்சு ஏன் டீச்சர் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். நான் கொண்டுவந்த காப்பியை அவர் தொடவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார். கோமதியை இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் நம் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "பிள்ள பொழச்சுட்டு. எல்லாம் அடங்கிட்டு. இனி இதக் கிளறினா ஒங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். விடுங்க டீச்சர்" என்றார். விட்டுவிட்டேன். அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள்போல விட்டுவிட்டேன். இரண்டு பேரிடம் சொல்லியாகிவிட்டது, மனச்சாட்சிக்கு அது போதும் என்று வைத்துக்கொண்டேன். நீ அடிவாங்கியதைப் பார்த்தது இருநூறு பிள்ளைகள். அவர்களில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. உனக்கும் சொல்லவில்லை. உன் அப்பா மறுபடி நடந்து, வேலைக்குப் போய், போன தையில் கண்ணை மூடும்வரை அவருக்கும் சொல்லவில்லை. அகழியை மூடச் சொன்னார்கள், மூடினோம். பீரங்கி வந்தபிறகு எவ்வளவு கனமான மதிலும் நிற்க முடியவில்லை, பெரிய மனிதர்கள் கோட்டையை விட்டு அகலமான சன்னல் வைத்த மாளிகைகளுக்குக் குடிபோனார்கள் என்று அந்தப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். முடிக்கவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை சிலுவைப் போர்களைத் தொடங்கிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த வகுப்புகளுக்கெல்லாம் புத்தகத்தில் இருக்கிற இரண்டு பக்கம்தான்.

உனக்கு வேலை கிடைத்ததும் பக்கத்து வீட்டில் எல்லாரும், அம்மாவைப் பார்த்துப் பையனும் டீச்சராகிவிட்டான் என்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது. நீ என்னைப்போல ஆகிவிடுவாயோ என்ற பயம் இல்லை அது. நீ அப்படி ஆகமாட்டாய். என் பயம் வேறு. பாளையங்கோட்டையில் நீ படித்தபோது விடுதியில் யாரோ கண்ணாடிக் கதவை உடைத்ததற்கு நீ போய் ஒத்துக்கொண்டு பதினைந்து நாள் விடுதியை விட்டு வெளியே நிறுத்தப்பட்டாயே, வார்டன் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். உடைத்தவன் நீயில்லை என்று படித்த உடனேயே எனக்குத் தெரியும். யாராவது தலைகுனிந்து நின்றால் நீ வரிசையை விட்டு முன்னால் போய்விடுகிறாய். பதிமூன்று வயதில் அந்தப் பழக்கத்தை உனக்குப் பழக்கியவள் நான். வேலை பார்க்கிற இடத்தில் இதைத் தெரிந்துகொள்கிறவர்கள் இருப்பார்கள். ஒரு கையெழுத்து, ஒரு காணாமல்போன ரிஜிஸ்டர், ஒரு பிள்ளைக்குப் பட்ட காயம் என்று ஏதாவது வரும்போது எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நீ முன்னால் வருவாய் என்று காத்திருப்பார்கள். வராதே. நீ செய்ததற்கு மட்டும் முன்னால் வா. அதற்கு மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வா. ஒரு பிள்ளை உனக்காக வாயைத் திறப்பதற்கு முன்னால் வந்துவிடு. ஒரு நிமிடம் தாமதித்த எனக்குப் பதினோரு வருடம் போய்விட்டது.

கோட்டையைக் கட்டு. கட்டாதே என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்த இருபத்தெட்டுப் பேரில் யாரைத் தெருவில் பார்த்தாலும், மரக்கோபுரம் எரிந்ததையும் மூலை சரிந்ததையும் இன்றும் வரிசையாகச் சொல்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கிறவன், "வட்டமாக் கட்டினாத்தான் டீச்சர் நிக்கும்" என்று ஆரஞ்சை அடுக்கிக் காட்டுகிறான். என் பயத்துக்காக உன் பிள்ளைகள் அதை இழக்க வேண்டாம். தரைக்குமேல் கட்டு. மண்ணை வெளியிலிருந்து கொண்டுவரச் சொல். அகழி ஒரு சாணுக்குமேல் வேண்டாம், அதையும் அன்றன்றைக்கே மூடு. எந்தப் பிள்ளை "போதுமா சார்" என்று கேட்டாலும் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்ப் பார். அந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைக்கு உன்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

கோமதி பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். மார்க்கெட்டில் பார்த்தால் சிரிப்பாள். அன்று நடந்தது ஒன்றும் அவளுக்கு நினைவில்லை என்கிறாள். அவள் அப்பா என்னைப் பார்த்தால் இன்றும் கும்பிடுவார், பேச மாட்டார்.

மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். பள்ளி ஆண்டு மலருக்கு என் நினைவுகளை எழுதித் தரச் சொல்லி, மலரைப் பார்த்துக்கொள்கிற புது டீச்சர் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "நல்லதா நாலு விஷயம் எழுதுங்க டீச்சர், பழைய பிள்ளைங்க எல்லாரும் வாங்கிப் படிப்பாங்க" என்றாள். இதுவரை எழுதியதை நேற்று ராத்திரியே இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று உனக்கு. இன்னொன்றை மலரில் போடலாமா என்று முதலில் உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று இருந்தேன். அப்புறம் யோசித்தேன். கேட்டால் நீ என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். எதுக்கும்மா இப்போது, எனக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது, ஓய்வு பெறுகிற நேரத்தில் உங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதுவாய். இன்னொரு முறை எனக்கு முன்னால் வந்து நிற்பாய். நானும் இன்னொரு முறை தலையை ஆட்டிவிடுவேன். என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதனால் உன்னிடம் கேட்கவில்லை. இன்று காலை பிரேயர் மணி அடிப்பதற்கு முன்பே போய், இன்னொரு பிரதியை அந்தப் புது டீச்சர் கையில் கொடுத்துவிட்டேன்.

அம்மா